கை அறுவை சிகிச்சையில் ஆன்டிபயாட்டிக்கும் தொற்றுத் தடுப்பும்: படிப்படியான முழு வழிகாட்டி

கை அறுவைப் பிரிவுக்குப் புதிதாக வரும் மருத்துவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் மருந்தை எழுதிவிடுகிறார்கள், அப்புறம்தான் காயத்தைப் பார்க்கிறார்கள். தையல் போட்ட பிறகு ஐந்து நாள் மாத்திரை கொடுத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை அவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் கத்தி வைப்பதற்கு முன் சரியான நேரத்தில் போன ஒரு டோஸ் செய்யும் வேலையை, பின்னால் கொடுக்கும் பத்து மாத்திரைகளால் செய்ய முடியாது.

இந்த வழிகாட்டி கை அறுவைக்குப் புதியவர்களுக்கும், அறுவை அரங்கச் செவிலியர்களுக்கும். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை வைத்துத்தான் நகர்கிறது.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

நோயாளியின் எடை, ஒவ்வாமை விவரம், ரத்தச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, கடைசி டெட்டனஸ் தடுப்பூசி போட்ட ஆண்டு ஆகிய ஐந்தும் தாளில் இல்லாமல் மருந்துச் சீட்டைத் தொடாதீர்கள். எடை தெரியாவிட்டால் டோஸ் தெரியாது. ஒவ்வாமையை அரங்கத்துக்குள் வந்து கேட்டால், மாற்று மருந்து ஏற்றுவதற்கு நேரம் இருக்காது.

உங்கள் மருத்துவமனை ஆய்வகத்தின் சமீபத்திய கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கைகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உங்கள் பகுதியில் எந்த அளவுக்கு இருக்கிறது என்று தெரியாமல் சீழ்க் காயத்துக்கு மருந்து தேர்ந்தெடுக்க முடியாது.

2. எந்த வகை அறுவை என்று பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போவதுதான் தேவையில்லாத மருந்துக்கெல்லாம் மூலகாரணம். வரும் ஒவ்வொருவரையும் நான்கில் ஒரு வகையில் வையுங்கள்.

முதல் வகை, சுத்தமான திட்டமிட்ட சிறு அறுவை: கார்பல் டனல் விடுவிப்பு (மணிக்கட்டில் அழுந்திய நரம்பை விடுவிப்பது), டிரிக்கர் விரல் (மடங்கிச் சிக்கிக்கொள்ளும் விரல்), கேங்க்லியன் கட்டி (மூட்டருகே வரும் நீர்க்கட்டி) போன்றவை. இவற்றுக்குத் தடுப்பு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. கைக்கு ரத்த ஓட்டம் மிக நன்றாக இருக்கிறது, கீறல் சிறியது, நேரமும் குறைவு. கனடாவில் சிறு சிகிச்சை அறையில், முழு அரங்க ஏற்பாடு இல்லாமல், தடுப்பு மருந்தும் தராமல் செய்த 1,504 கார்பல் டனல் அறுவைகளைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். மேலோட்டமான தொற்று 0.4 சதவீதம், ஆழமான தொற்று ஒன்றுகூட இல்லை.

சர்க்கரை நோயாளிக்கு மட்டும் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கார்பல் டனல் அளவிலான அறுவையில் அவருக்கும் கொடுப்பதால் தெளிவான பயன் தெரியவில்லை. அவருக்கு உண்மையில் உதவுவது சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான். அதை அடுத்த படியில் பார்க்கலாம்.

இரண்டாவது வகை, உள்ளே பொருள் வைக்கும் அறுவை: தகடு, திருகு, செயற்கை விரல் மூட்டு. இங்கே ஒரு டோஸ் கொடுங்கள். உலோகத்தின் மேல் கிருமி ஒட்டிப் படலம் கட்டிவிட்டால் அதன்பின் எந்த மருந்தும் அதைச் சரியாக எட்டாது. இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் பெரிய அறுவைகளையும் நான் இந்த வகையில்தான் வைக்கிறேன். எலும்பைப் பிடித்து நிறுத்தத் தோல் வழியாகக் குத்தும் மெல்லிய கம்பியான கே-ஒயர் மட்டும் என்றால் கருத்துகள் மாறுபடுகின்றன. உங்கள் பிரிவில் ஒரு முடிவு எடுத்து, எல்லோரும் அதையே பின்பற்றுங்கள்.

மூன்றாவது வகை விபத்துக் காயம். நான்காவது ஏற்கனவே சீழ் பிடித்த கை. நான்காவதில் கொடுப்பது தடுப்பு மருந்து அல்ல, சிகிச்சை. டோஸ், நாட்கள், கல்ச்சர் எல்லாமே அங்கே வேறு கணக்கு.

3. திட்டமிட்ட அறுவை என்றால் நோயாளியைத் தயார் செய்யுங்கள்

சர்க்கரை 200 மி.கி./டெ.லி.-க்கு மேல் இருந்தால், அவசரமில்லாத அறுவையைத் தள்ளி வையுங்கள். அந்த அளவில் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. நோயாளி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருப்பார், திருப்பி அனுப்ப மனம் வராது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

டிரிக்கர் விரலுக்கு சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். ஊசிக்கும் அறுவைக்கும் இடைவெளி குறையக் குறையத் தொற்று கூடுகிறது. மூன்று மாதம் விட்டுச் செய்வது நல்லது. இந்தக் கேள்வியைப் புதியவர்கள் கிட்டத்தட்ட எப்போதுமே மறக்கிறார்கள். ஊசி வேறு இடத்தில் போட்டிருப்பார்கள், நாம் கேட்காவிட்டால் நோயாளியும் சொல்ல மாட்டார்.

புகைப்பவரை நான்கு வாரம் நிறுத்தச் சொல்லுங்கள். அறுவைக்கு முந்தைய இரவோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். நகத்தை வெட்டி, நகப்பூச்சையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். கைவேலை செய்பவர்களுக்கு நகக்கண்ணில் படிந்த அழுக்கு ஒரே நாளில் போகாது. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே தூரிகையால் தேய்க்கச் சொல்லுங்கள்.

முடியைச் சவரம் செய்யாதீர்கள். பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். இடைஞ்சலாக இருந்தால் மட்டும் கிளிப்பரால் கத்தரியுங்கள்.

4. ஒவ்வாமையைத் தோண்டிக் கேளுங்கள்

“பெனிசிலின் சேராது” என்ற ஒரு வரியை நம்பி மருந்தை மாற்றாதீர்கள். அப்படிச் சொல்பவர்களைப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உண்மையான ஒவ்வாமை இருப்பதில்லை. என்ன ஆனது, எத்தனை வருடத்துக்கு முன், மருந்து எடுத்து எவ்வளவு நேரத்தில் என்று கேளுங்கள். வயிற்றுப்போக்கும் குமட்டலும் ஒவ்வாமை அல்ல.

தடுப்புக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் செஃபசோலினின் பக்கச்சங்கிலி (மூலக்கூறின் பக்கவாட்டுப் பகுதி) பெனிசிலின்களோடு ஒத்துப்போவதில்லை. அதனால் பெனிசிலின் ஒவ்வாமை உள்ள பெரும்பாலானவர்களுக்கும் அதைப் பாதுகாப்பாகக் கொடுக்க முடிகிறது. தோல் உரிந்து கொப்புளித்த வரலாறு, உள்ளுறுப்பு பாதித்த வரலாறு இருந்தால் தொடாதீர்கள். மூச்சடைத்து, ரத்த அழுத்தம் இறங்கிய வரலாறு என்றால் மயக்க மருத்துவரோடு கலந்து முடிவெடுங்கள்.

இதில் இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், மாற்று மருந்துகள் இரண்டாம் தரம். மெத்திசிலினுக்கு அடங்கும் ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு எதிராக வான்கோமைசின் செஃபசோலின் அளவுக்கு வேலை செய்வதில்லை. ஒரு தவறான ஒவ்வாமைக் குறிப்பு, நோயாளிக்கு வாழ்நாள் முழுக்கப் பலவீனமான மருந்தைக் கொடுக்க வைக்கும்.

5. மருந்து, டோஸ், நேரம்

இரண்டாவது வகைக்கு செஃபசோலின் போதும். பெரியவர்களுக்கு சிரை வழியாக 2 கிராம், 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 30 மி.கி. கை அறுவைத் தொற்றில் முதலிடத்தில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸை இது நன்றாகப் பிடிக்கும். அதைவிடப் பரந்த மருந்து எதுவும் இங்கே கூடுதல் லாபம் தராது.

கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் ஏற்றுங்கள். வார்டிலேயே போட்டு அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். அரங்கம் தாமதமானால் மருந்து வீணாகிவிடும்.

கை அறுவையில் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. அதுதான் டூர்னிக்கெட். மேல்கையில் காற்றுப்பட்டையை இறுக்கிய நொடியிலிருந்து கைக்குள் ரத்தம் போகாது, மருந்தும் போகாது. அதனால் நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டியது கீறலை அல்ல, பட்டை இறுகும் நேரத்தை. அதற்குக் குறைந்தது 10 நிமிடம் முன்பு முழு டோஸும் உள்ளே போயிருக்க வேண்டும். நான் 15 நிமிடம் விடுகிறேன்.

ஒருமுறை உள்ளங்கை எலும்பு முறிவுக்குத் தகடு வைக்கும்போது, சரிபார்ப்புப் பட்டியலில் ‘கொடுத்தாயிற்று’ என்று டிக் இருந்தது. அறுவை முடிந்து பதிவைப் பார்த்தால், பட்டை இறுக்கி நான்கு நிமிடம் கழித்துத்தான் ஊசி ஏறியிருக்கிறது. மருந்து உடம்பெல்லாம் சுற்றியது, தகடு வைத்த கைக்கு மட்டும் வரவில்லை. தவறு என்னுடையதும்தான். “கொடுத்தாயிற்றா?” என்று கேட்டேனே தவிர “எத்தனை மணிக்கு?” என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து நேரத்தைச் சொன்னால்தான் பட்டையை இறுக்க விடுகிறேன்.

வான்கோமைசின் தேவைப்பட்டால் கணக்கு மாறும். கிலோவுக்கு 15 மி.கி., ஒரு கிராமுக்கு ஒரு மணி நேரமாவது எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். அதனால் கீறலுக்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் தொடங்கி, பட்டை இறுகும் முன் முடியுமாறு திட்டமிடுங்கள். கிளிண்டாமைசின் என்றால் 900 மி.கி.

அறுவை நீண்டால் செஃபசோலினை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி கொடுங்கள். நான்கு மணியை முதல் டோஸ் போட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும், கீறலிலிருந்து அல்ல. துண்டான விரலை ஒட்டும் அறுவைகளில் இது தவறாமல் மறந்துபோகும். நுண்ணோக்கியில் கண் வைத்தவருக்கு நேரம் தெரியாது. யாராவது ஒருவர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

6. தோலைச் சுத்தம் செய்தல்

முதலில் சோப்பும் தண்ணீரும், அப்புறம் கிருமிநாசினி. அழுக்கின் மேல் கிருமிநாசினி பூசினால் பலனில்லை.

தோல் முழுமையாக இருந்தால் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என் முதல் தேர்வு. பூசியபின் மூன்று நிமிடமாவது தானாகக் காய விடுங்கள். துடைத்துக் காய வைக்காதீர்கள். காயும் நேரத்தில்தான் அது வேலை செய்கிறது, ஈரமாக இருக்கும்போது மின்கருவியால் தீப்பிடிக்கவும் கூடும்.

விரலிடுக்கு, நகச்சுற்றுப் பகுதி, உள்ளங்கை ரேகைகள் ஆகிய மூன்றையும்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். பூசி முடித்ததும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

மேலே பூசிய திரவம் வழிந்து டூர்னிக்கெட் பட்டைக்கு அடியில் தேங்கினால் தோல் வெந்துபோகும். பட்டையின் கீழ் விளிம்பை முதலிலேயே ஒட்டுத்தாளால் மூடிவிடுங்கள்.

திறந்த காயத்துக்குள் ஆல்கஹால் வேண்டாம். நீர் கலந்த போவிடோன் அயோடினைச் சுற்றியுள்ள தோலுக்குப் பூசி, காயத்துக்குள் சலைன் மட்டும் ஊற்றுங்கள்.

7. விபத்துக் காயம்

மரத்துப்போகும் ஊசி போடும் முன் விரல் நுனி உணர்வைச் சோதித்து எழுதிவிடுங்கள். இது தொற்று பற்றியது அல்ல, ஆனால் இந்த இடத்தில் விட்டால் திரும்பக் கிடைக்காது.

அடுத்தது கழுவுதல். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். வலி தெரியாமல் மரத்த பிறகு, சாதாரண சலைனால் தாராளமாகக் கழுவுங்கள். சோப்புக் கரைசல் சேர்க்கத் தேவையில்லை. தோல் கிழிந்து திறந்த எலும்பு முறிவுகளில் சலைனையும் சோப்பையும் ஒப்பிட்டு 2015-இல் வந்த பெரிய ஆய்வில், சோப்பால் கழுவியவர்களுக்குத்தான் மறு அறுவை அதிகம் தேவைப்பட்டது. அழுத்தமாகப் பீய்ச்சுவதிலும் தனி நன்மை தெரியவில்லை.

செத்த திசுவை வெட்டி எடுங்கள். ரத்தம் ஓடாத கொழுப்புக்கும் நைந்த தசைக்கும் மருந்து போய்ச் சேராது, அங்கே கிருமி மட்டும்தான் வளரும். தோலை மட்டும் சிக்கனமாக வெட்டுங்கள். கையில் உபரித் தோல் கிடையாது.

இப்போது மருந்து வேண்டுமா என்ற கேள்விக்கு வரலாம். கத்தியோ கண்ணாடியோ வெட்டிய, ஆரோக்கியமானவரின் சுத்தமான சிறு காயத்துக்குத் தடுப்பு மாத்திரை தந்து பயன் கிடைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. விரல் நுனி எலும்பு நொறுங்கி நகம் பெயர்ந்த காயத்திலும் நன்றாகக் கழுவினால் மருந்து கூட்டித் தருவது மிகக் கொஞ்சம்தான்.

மற்ற திறந்த எலும்பு முறிவு, திறந்த மூட்டு, நசுங்கிய கை என்றால் அரங்கத்துக்குக் காத்திருக்காமல், நோயாளி வந்த ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலினைத் தொடங்குங்கள். மண், சாணம், சாக்கடை நீர் கலந்திருந்தால் அந்தக் கிருமிகளுக்கான மருந்தையும் சேருங்கள். காயம் மூடி 24 மணி நேரத்தில் நிறுத்துவது பொதுவான இலக்கு.

டெட்டனஸ் கணக்கு: முழுத் தடுப்பூசி போட்டவருக்குச் சுத்தமான சிறு காயமானால் கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டு, அழுக்கான காயமானால் ஐந்து ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போடுங்கள். மூன்று டோஸுக்கும் குறைவாகப் போட்டவருக்கோ, எதுவும் நினைவில்லாதவருக்கோ அழுக்கான காயம் என்றால் இம்யூனோகுளோபுலினும் சேர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பெயின்ட் துப்பாக்கி, கிரீஸ் துப்பாக்கி விரலில் பட்டு ஒரு சிறு துளை மட்டும் தெரிந்தால், மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். உள்ளே திரவம் தசைநாண் உறை வழியாக வெகுதூரம் போயிருக்கும். அதே நாள் திறந்து சுத்தம் செய்ய வேண்டிய அவசரம் அது.

8. கடிக் காயம்

விரல் முட்டிக்கு மேலே சின்ன வெட்டு, “கதவில் இடித்துக்கொண்டேன்” என்பார். யாரையாவது குத்தினீர்களா என்று நேராகக் கேளுங்கள். எதிராளியின் பல் முட்டி மூட்டுக்குள்ளேயே போயிருக்கலாம். விரலை மடக்கி, முஷ்டி நிலையில் காயத்தைச் சோதியுங்கள். விரித்த கையில் கிழிந்த தசைநாண் பின்னால் நகர்ந்து மறைந்துவிடும். பல் துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் எடுங்கள்.

மனிதக் கடியில் ஐகெனெல்லா என்ற கிருமி; பூனை, நாய்க் கடியில் பாஸ்டுரெல்லா என்ற கிருமி. இந்த இரண்டுக்கும் செஃபலெக்சினோ கிளிண்டாமைசினோ நம்பத்தகுந்ததல்ல. தடுப்புக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 875/125 மி.கி. தினம் இருவேளை, மூன்றிலிருந்து ஐந்து நாள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு டாக்ஸிசைக்ளினும் மெட்ரோனிடசோலும். கடிக்கு மாத்திரை கொடுக்கத் தயங்காதீர்கள். பூனைப் பல் ஊசி போல ஆழமாக இறங்கும், மேலே கழுவினால் அடியைத் தொடாது.

கையில் கடிக் காயத்தை இறுக்கித் தைக்காதீர்கள். விலங்குக் கடி என்றால் சோப்பும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அன்றே தொடங்குங்கள்.

9. ஏற்கனவே சீழ் பிடித்த கை

வரிசை இங்கேதான் அதிகம் குலைகிறது. நோயாளி நிலையாக இருந்தால் முதலில் மாதிரி எடுங்கள், அடுத்து மருந்து. ஒரு டோஸ் போன பிறகு எடுத்த கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். பிறகு இரண்டு வாரம் குருட்டு வைத்தியம்தான். மேலே துடைத்த பஞ்சு வேண்டாம், சீழோ திசுவோ அனுப்புங்கள். காய்ச்சலில் நடுங்கி, ரத்த அழுத்தம் இறங்கியவரிடம் மட்டும் ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுங்கள்.

மீன்தொட்டி சுத்தம் செய்தபோது ஏற்பட்ட, வாரக்கணக்கில் ஆறாத புண் என்றால் ஆய்வகத்துக்கு அதை எழுதி அனுப்புங்கள். அத்தகைய புண்ணில் வரும் மைகோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி 30 டிகிரி அளவில்தான் நன்றாக வளரும். சொல்லாவிட்டால் 37 டிகிரியில் வைத்து ‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை வரும்.

சீழ் தேங்கியிருந்தால் திறந்துவிடுங்கள். நகச்சுற்றில் சீழ் முழுதாக வெளியேறி, சுற்றிலும் சிவப்பு பரவாமல், நோயாளியும் ஆரோக்கியமாக இருந்தால் மாத்திரையே தேவைப்படாது. திறப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். கூட்டமாகச் சிறு நீர்க்கொப்புளங்கள், அதிக எரிச்சல் என்றால் அது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதைக் கீறக் கூடாது, கீறினால் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும்.

தசைநாண் உறைக்குள் சீழ் என்றால் மணிக்கணக்கு. கனாவெல் சொன்ன நான்கு அறிகுறிகளைத் தேடுங்கள்: விரல் சற்று மடங்கியே நிற்கும், முழு விரலும் ஒரே சீராக வீங்கும், உறை நெடுக அழுத்தினால் வலிக்கும், மெல்ல நீட்டிவிட்டால் உயிர் போகும் வலி. எல்லோருக்கும் நான்கும் சேர்ந்து வராது. நான்காவது மட்டும் இருந்தாலும் மூத்தவரை அழைத்துவிடுங்கள். “காலை வரை மருந்து ஏற்றிப் பார்ப்போம்” என்று தள்ளிப்போட்ட விரல்கள் பிழைத்தும் மடங்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பார்ப்பதற்குக் கொஞ்சம் சிவப்பு, ஆனால் தாங்க முடியாத வலி, மணிக்கு மணி மேலேறும் வீக்கம் என்றால் திசு அழுகல் தொற்றாக எண்ணி உடனே அரங்கத்துக்குக் கொண்டுபோங்கள்.

10. தையல் முடிந்ததும்

சுத்தமான அறுவையில் தோல் மூடியதோடு தடுப்பு மருந்தையும் நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. நீட்டித்தால் தொற்று குறையாது. வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிச்சம். வடிகுழாய் இருக்கிறது, கே-ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் தொடர்வதற்குக் காரணம் ஆகாது.

மாத்திரை இல்லாமல் அனுப்பினால் நோயாளி கவலைப்படுவார். இரண்டு நிமிடம் உட்கார்ந்து விளக்குங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பது, கட்டை நனைக்காமல் வைப்பது, கட்டில் சேராத விரல்களை அசைப்பது என்று அவர் செய்ய வேண்டியதைச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். வீங்கிய கையில் தையல் ஓரம் ரத்தமின்றி வெளுத்து, அங்கேதான் காயம் திறக்கிறது.

கே-ஒயர் நுழையும் இடத்தில் தோல் இழுபட்டிருந்தால் அரங்கத்திலேயே சிறிதாகக் கீறித் தளர்த்திவிடுங்கள். இழுபட்ட தோல்தான் பின்னால் சிவந்து கசியும். சிவந்தால் முதலில் கம்பி ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடும் கம்பியை மாத்திரையால் காப்பாற்ற முடியாது. எலும்பு தாங்குமானால் எடுத்துவிடுங்கள்.

11. சிவப்பு தெரிந்தால்

முதல் 48 மணி நேரத்துச் சிவப்பும் வீக்கமும் பெரும்பாலும் அறுவையின் விளைவுதான். அந்த நேரத்திலேயே வேகமாகப் பரவினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற ஆபத்தான கிருமியை நினையுங்கள். சாதாரணத் தொற்று சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். 30 நாள் வரையும், உள்ளே உலோகம் இருந்தால் 90 நாள் வரையும் கவனியுங்கள்.

சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரம் எழுதுங்கள். அடுத்த நாள் வேறு மருத்துவர் பார்த்தாலும் பரவியதா, சுருங்கியதா என்று தெரியும். யூரிக் அமிலப் படிகத்தால் வீங்கும் மூட்டும் அச்சு அசலாகத் தொற்று போலவே இருக்கும். மூட்டு நீர் எடுத்தால் கல்ச்சரோடு படிகச் சோதனைக்கும் அனுப்புங்கள்.

தொலைபேசியில் “கொஞ்சம் சிவந்திருக்கிறது” என்று கேட்டுவிட்டு மாத்திரை சொல்லாதீர்கள். வரச் சொல்லுங்கள், கட்டை அவிழ்த்துப் பாருங்கள். கட்டு இறுக்கமாக இருந்ததுதான் காரணம் என்று பல நேரம் தெரியவரும். சீழ் இருந்தால் அன்றே திறக்கலாம்.